பதினைந்து வருடக் கல்லறை

பத்திநாதரைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று என் மனைவி இந்திராதேவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய கதையில் பாதிக்கு மேல் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மிச்சத்தைக் கெடுத்தவனும் நான்தான். வேறு யாராவது எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டிவிடுவார்கள். அது வேண்டாம்.

என் பெயர் இராஜதுரை. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவில், முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பத்திநாதர் மன்னார் பேசாலைக்காரர், கத்தோலிக்கர், என்னைவிட நாலு வயது இளையவர். 2001இல் பாரிஸுக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் என் கடைக்குள் நுழைந்து, நெத்தலிக் கருவாட்டை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "அண்ணை, இது எங்கடை கடல் கருவாடு இல்லை. பிறகேன் மன்னார்க் கருவாடு எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது தாய்லாந்துக் கருவாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் மனிதர் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றே எங்களுக்குள் சிநேகம் பிடித்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அவருடைய மனைவி அற்புதராணியும் வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. வடக்குப் புறநகர் ஒன்றில் ஒரே ஒரு அறையில் இருந்தார்கள். அகதி வழக்கு முதல்தரமும் நிராகரிக்கப்பட்டது, மேன்முறையீட்டிலும் நிராகரிக்கப்பட்டது. பொலிஸைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடக்கும் காலம் அது. 2005 மார்ச்சில் ஒரு காலை, தலையிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணீர் போட எழும்பிய அற்புதராணி குசினிக்குள் விழுந்தாள். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் நாலு நாள். முப்பத்தெட்டு வயது.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். அந்த நாட்களில் காட், அதாவது வதிவிட அனுமதி அட்டை, இல்லாதவன் எந்தத் தாளிலும் தன் பெயரை வைக்கமாட்டான். வீடு, மின்சாரம், டெலிபோன், எல்லாமே காட் உள்ள ஒருவனுடைய பெயரில் இருக்கும். என் பெயரில் மட்டும் நாலு வீட்டுக்கு மின்சாரம் ஓடியது. என் தபால்பெட்டியில் ஏழு பேருடைய பெயர் ஒட்டியிருந்தது. யாராவது ஒரு தாளை நீட்டினால் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கல்லறை நிலத்துக்காக நகரசபைக்குப் போனபோது பத்திநாதர் கதவடியிலேயே நின்றுவிட்டார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம், கையில் இரவல் கோட்டு.

"நீங்களே கையெழுத்தைப் போடுங்கோ அண்ணை," என்றார். "என்ரை பேரைக் கண்டா காட் எங்கை எண்டு கேப்பாங்கள். பிடிச்சு அனுப்பினா அவளை ஆர் அடக்கம் பண்ணுறது?"

நானும் அதுதான் சரி என்றேன். உள்ளே போய்ப் போட்டேன். அப்படித்தான் அற்புதராணியின் கல்லறைக்கு நான் உரிமையாளன் ஆனேன். செத்தவளுக்கு நான் மாமனுமில்லை மச்சானுமில்லை, சமயமும் வேறு. மனைவியைப் புதைக்க இந்த நாட்டில் காட் தேவையில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு எந்தச் சனம் இப்படி ஒரு பிழையை விட்டிருக்கும்?

பத்திரத்தில் பதினைந்து வருடம் என்று அச்சிட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. நாங்கள் எரிக்கிற ஆட்கள். முப்பத்தோராம் நாள் சோறு படைத்தால் காரியம் முடிந்தது. பேசாலையிலோ கல்லறைகள் இருக்கிற சேமக்காலை கோயிலுக்குச் சொந்தம், வைத்த உடலை யாரும் எழுப்பமாட்டார்கள். மண்ணுக்குள் போனவளுக்கும் தவணை உண்டு என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பத்திநாதருக்கு 2010இல் காட் கிடைத்தது. அன்றே போய்ப் பெயரை மாற்றியிருக்கலாம். கடைக்குப் பின்னால் நின்று ஆட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டுக் கொண்டாடினோம், அவ்வளவுதான்.

காட் கிடைத்தபின் ஒரு துப்புரவுக் கொம்பனி அவரை வேலைக்கு எடுத்தது. புறநகரில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். கார் து நோர் ஸ்டேசனில் ரயிலேறினால் கால்மணி நேரம். விடிய ஆறு மணிக்குப் போய்க் கூட்டித் துடைத்து, கழிப்பறை கழுவி, கதவு திறக்கமுன் வெளியேறவேண்டும். அங்கேதான் அந்தக் கல்லுப்பெட்டி இருந்தது.

ரோமர் காலத்துச் சவப்பெட்டி. ஆயிரத்து எழுநூறு வருடம் பழசாம். எங்கோ அத்திவாரம் வெட்டும்போது அகப்பட்டு, அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பட்டியலில் ஏற்றிவிட்டது. அதற்கென்று தனி அறை, தனி வெளிச்சம், காற்றின் ஈரத்தை அளக்க ஒரு கருவி. பத்திநாதர் போன முதல் வாரமே ஈரத்துணியோடு அதற்குக் கிட்டப் போயிருக்கிறார். பொறுப்பாளர் தியரி என்பவர் ஓடிவந்து மறித்துவிட்டாராம். ஆனால் ஏசவில்லை. தண்ணீர் பட்டால் அந்தக் கல்லுக்கு என்ன நடக்கும் என்று பக்கத்தில் நின்று விளக்கி, மெல்லிய தூரிகை ஒன்றைக் கொடுத்து, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தூசி தட்டவேண்டும் என்று காட்டியிருக்கிறார். நிலத்துக்கும் கல்லுக்கும் இடையில் ஒரு சாண் அகலத்துக்கு விளக்குமாறே படக்கூடாதாம். ஒரு வருடம் பார்த்துவிட்டு, அந்த அறைக்குப் பத்திநாதரைத் தவிர வேறு துப்புரவாளர் போகக்கூடாது என்று கொம்பனிக்குக் கடிதம் எழுதிவிட்டார் தியரி. கடிதத்தின் பிரதியைப் பத்திநாதர் பொக்கற்றில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

பிறகென்ன, கடைக்கு வந்தால் கல்லுப்பெட்டிக் கதைதான். அமைச்சிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு அம்மா பூதக்கண்ணாடியோடு வருவாவாம். மூடியில் மயிரளவு வெடிப்பு ஒன்று இருக்கிறதாம், அது வளர்கிறதா என்று அளந்து எழுதுவாவாம். உள்ளே எலும்பு இல்லையாம், அதை வேறிடத்தில் இலக்கம் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். மிளகாய்த்தூள் வாங்க வந்த சனம் வாய் பிளந்து கேட்கும். அரைக்கீரை வாங்க வந்த மனுசிகள் கீரையை மறந்துவிட்டுக் கேட்பார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. சொல்லிவிடுகிறேன், வெறும் பொறாமைதான். முப்பது வருடம் இந்த நாட்டில் கடை நடத்துகிற எனக்கு எந்த வெள்ளைக்காரனும் மரியாதைக் கடிதம் எழுதியதில்லை. கழிப்பறை கழுவப் போனவனுக்கு எழுதியிருக்கிறான்.

2017இல் ஒரு ஞாயிறு. கடை நிறைந்த சனம், லா கூர்னெவிலிருந்து ரயிலேறி வந்த குடும்பங்கள். பத்திநாதர் வழமைபோலத் தொடங்கினார். நான் தராசில் முருங்கைக்காயை வைத்துக்கொண்டே சத்தமாகச் சொன்னேன்.

"பத்தி, ஆரோ செத்த வெள்ளைக்காரன்ரை பெட்டியை ஒவ்வொரு நாளும் தடவுறாய். உன்ரை மனிசியின்ரை கல்லறை பாசி பிடிச்சுக் கிடக்குதாம், அதைப் போய்த் தடவனப்பா."

சனம் கொல்லென்று சிரித்தது. அது பச்சைப் பொய். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. மாதத்தில் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் சேமக்காலைக்குப் போவார் என்பதும், கல்லைத் தேய்த்துக் கழுவிப் பூ வைப்பார் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். சிரிப்புக்காகச் சொன்னேன். சிரிப்புக் கிடைத்தது. பத்திநாதர் கூடையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

அதன்பின் அவர் என் கடைக்கு வரவில்லை. எதிர்ச்சாரியில் இருக்கிற தவரத்தினத்தின் கடைப் பையோடு என் கடைக் கண்ணாடிக்கு முன்னாலேயே நடந்து போவார். ஒரு வார்த்தை, 'பத்தி, வாய் தவறிப் போச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இந்திராதேவி எத்தனையோ முறை சொன்னாள். நான் என்ன குறைந்தவனா? பகிடிக்கு முகத்தைத் தூக்குகிறவன் தானே வரட்டும் என்றேன்.

2021 தொடக்கம், கொரோனாவில் பாதிக் கடை பூட்டியிருந்த நேரம், நகரசபையிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இதை நான் வாசித்தேன். என் பிரெஞ்சுக்கு ஒரு குறையுமில்லை. கல்லறையின் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, இரண்டு வருடத்துக்குள் உரிமையாளர் வந்து புதுப்பிக்கவேண்டும், தவறினால் நிலத்தை நகரசபை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று தெளிவாக எழுதியிருந்தது. கடிதத்தைக் கல்லாவுக்குக் கீழே இழுக்கிற லாச்சிக்குள் போட்டேன்.

இந்திராதேவி அவருக்கு டெலிபோன் அடித்துச் சொல்லச் சொன்னாள். மாதாமாதம் அங்கே போகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும், வந்து கேட்கட்டும், கேட்டால் அடுத்த நிமிடமே போய்க் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவர் வந்து என் முன்னால் நின்று கேட்பது மட்டும்தான்.

அவர் வந்தார். அதே வருடம் நவம்பர், செத்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றுகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் நாள். நாலு வருடத்துக்குப் பிறகு கடைக்குள் கால் வைக்கிறார். தலை நன்றாக நரைத்திருந்தது. கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன், பார்க்காததுபோல் குனிந்தேன். அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேருக்கு முதலில் சாமான் கட்டிக் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "என்ன, தவரத்தினத்திட்டை சாமான் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெழுகுதிரி ஒரு பெட்டி என்றார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா! வீட்டுக்குப் போய், வந்திட்டான், வழிக்கு வந்திட்டான், அடுத்தமுறை தானாகக் கதைப்பான் என்று இந்திராதேவிக்குச் சொன்னேன். அவர் ஏன் வந்தார் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. கல்லறைக்குப் பக்கத்தில் சின்னப் பலகை ஒன்று குத்தியிருந்ததாம், அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் என்று. அலுவலகத்தில் கேட்டபோது, நீங்கள் உரிமையாளர் இல்லை, இராஜதுரை என்பவருக்கு எழுதிவிட்டோம், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்கள். அதற்காகத்தான் நாலு வருட ரோசத்தையும் விழுங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றிருக்கிறார். நான் சாமான் முடிந்துபோச்சோ என்று கேட்டேன்.

ஏன் பிறகும் வரவில்லை, வேறு ஆளையாவது அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன், குற்றத்தில் கொஞ்சத்தை அவர் பக்கம் தள்ளலாமா என்று. தள்ள முடியவில்லை. எனக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். என்னதான் கோபமென்றாலும் இராஜதுரை அண்ணை ஒரு செத்த மனுசி விசயத்தில் பிழை விடமாட்டார், சத்தமில்லாமல் கையெழுத்தைப் போட்டிருப்பார் என்று நம்பியிருக்கிறார். அடுத்த மாதம் போனபோது பலகையையும் காணவில்லை. காற்றுக்கு விழுந்திருக்கும். அவர் நான்தான் அலுவலைப் பார்த்து முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் நாங்கள் வீடு மாறினோம். புது விலாசத்தை வங்கிக்குக் கொடுத்தேன், வரிக் கந்தோருக்குக் கொடுத்தேன். சேமக்காலைக்குக் கொடுக்கவேண்டும் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? லாச்சியில் கிடந்த கடிதத்துக்கு மேல் ரசீதுக் கட்டுகள் ஏறின. நான் மறந்துபோனேன். இதைவிட நல்ல சாட்டு ஏதும் என்னிடம் இல்லை.

அதே காலத்தில் அருங்காட்சியகத்தில் நிலம் திருத்தவேண்டி வந்தது. கல்லுப்பெட்டியை நாலு மீற்றர் தள்ளி வைக்கவேண்டும். நாலே நாலு மீற்றர். அதற்குப் பதினொரு மாதம் எடுத்தது என்று பத்திநாதர் யாருக்கோ சொல்லி, அது என் காதுக்கும் வந்தது. பொறியியலாளர் அறிக்கை, அமைச்சின் அனுமதி, காப்புறுதி, பிறகு ஒரு நாள் முழுக்க எட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தியிருக்கிறார்கள். பத்திநாதரும் தூரிகையோடு பக்கத்தில் நின்றாராம்.

2024 மே மாதம் முதல் ஞாயிறு அவர் பூவோடு சேமக்காலைக்குப் போனார். அந்த வரிசையில் ஒன்பது கல்லறைகள் இல்லை. மண் நிரவி, புல்விதை தூவியிருந்தது. வரிசை மாறி வந்துவிட்டேன் என்று நினைத்து வாசலுக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாராம். மூன்று தரம். அடுத்த நாள் அலுவலகத்துப் பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். தவணை முடிந்தது, உரிமையாளர் வரவில்லை, எலும்புகளைப் பொதுக்கிடங்கில் வைத்துவிட்டோம், எல்லாம் சட்டப்படி. ஒரு காலையில் வேலை முடிந்ததாம்.

நேரே கடைக்கு வந்தார். கடையில் வேறு சனம் இல்லை.

"அண்ணை, உங்களுக்குக் கடிதம் வந்ததோ?"

"ஓம்," என்றேன்.

"எப்ப?"

"இருபத்தோராம் ஆண்டு. தொடக்கத்திலை."

அவர் விரலை மடித்து எதையோ கணக்குப் பார்த்தார். மெழுகுதிரி வாங்க வந்த நாளில் அந்தக் கடிதம் எத்தனை மாதமாக என்னிடம் கிடந்தது என்றுதான் பார்த்திருப்பார். வேறொன்றும் கேட்காமல் போய்விட்டார். அடித்திருக்கலாம். கடைக் கண்ணாடியை உடைத்திருக்கலாம். நான் அதற்கெல்லாம் தயாராக நின்றேன், ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அவர் டெலிபோனை எடுக்கவில்லை. ஒரு புதன் பின்னேரம் கடையை இந்திராதேவியிடம் விட்டுவிட்டு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். தியரி அவரைப் பகல் காவலுக்கும் எடுத்திருந்தார் என்று தெரியும். ஏழு வருடம் அந்தக் கதை கேட்டவன், அன்றுதான் முதன்முதலாக உள்ளே போகிறேன்.

பார்த்தால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிபோல ஒரு கல்லு. உளி கொத்திய கோடுகள் சரிவாகத் தெரிந்தன. மூடி ஒரு மூலையில் உடைந்து ஒட்டியிருந்தது. சுற்றிவரக் கயிறு. சுவரில் இருந்த பலகையை வாசித்தேன். உள்ளே இருந்தது ஒரு பெண்ணாம், முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் வயது, பெயர் தெரியாதாம். வெள்ளைக்காரன் பெட்டி என்று நான் சனத்துக்கு முன்னால் நக்கலடித்தது ஒரு மனுசியின் பெட்டியை.

பத்திநாதர் கதவோரக் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். காவலாளிச் சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. நான் என்னென்னவோ சொன்னேன். அறிவில்லை என்றேன், மன்னிப்புக் கேட்டேன், வழக்குப் போடலாம், சட்டத்தரணி ஒருவரைத் தெரியும் என்றுகூட உளறினேன். அவர் கயிற்றுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

"இவ ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். "இவவை நாலு மீற்றர் அசைக்க அமைச்சின்ரை கையெழுத்து வேண்டியிருந்தது. என்ரை மனிசியைக் கிண்டி எடுக்க, நீங்கள் ஒரு கையெழுத்துப் போடாமல் விட்டதே போதுமாயிருந்தது."

குரல் உயரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் உள்ளே வந்தார்கள். அவர்களைப் பார்த்து, கயிற்றில் சாயவேண்டாம் என்று பிரெஞ்சில் அன்பாகச் சொல்லிவிட்டு என்னைக் கதவுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். பொக்கற்றுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நகரசபைப் படிவம். பொதுக்கிடங்கில் அற்புதராணியின் பெட்டி எது என்று பதிவேட்டில் பார்த்துச் சொல்லவும், அந்தக் கிடங்கின் சுவரில் அவள் பெயரைப் பொறிக்கவும் விண்ணப்பம். அதையும் பழைய உரிமையாளர்தான் கேட்கவேண்டுமாம். என்னைத் தேடி வரவேண்டியிருந்ததைத் தள்ளிப் போட்டிருக்கிறார், நானே வந்துவிட்டேன்.

சாளரப் படிக்கல்லில் வைத்து நிரப்பினேன். இந்தமுறை ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். என் பெயர், பிறந்த தேதி, புது விலாசம். இறந்தவரின் பெயர். அதற்குக் கீழே, இறந்தவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு என்று ஒரு கட்டம். பேனை அங்கே நின்றுவிட்டது. குடும்ப நண்பன் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அனுமதி கேட்கிறதுபோல் அவரைப் பார்த்தேன்.

பத்திநாதர் தாளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்டுமில்லை எண்டு எழுதுங்கோ," என்றார்.

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மை காயும்வரை தாளைக் கையில் விரித்துப் பிடித்திருந்துவிட்டு, மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.